இன்னும் ஆறு மாதம்

நல்லம்மாளை ஏற்காட்டுக்கு அனுப்புவது என்று முடிவானபோது யாரும் அவளைக் கேட்கவில்லை. அவள் கட்டுத்தரையில் எருமைக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள். அம்மா ராமாயி வந்து நின்று, "உன்ற சீலைத் துணியெல்லாம் மூட்டை கட்டிக்க. நங்கைகூட நீதான் மலைக்குப் போறே" என்றாள். பிறகு எருமையின் காதைத் தூக்கி உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அது 1933ஆம் வருஷம், மாசி மாதக் கடைசி. மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இரண்டு கிணறும் கொஞ்சம் மேட்டுக்காடும் உள்ள தோட்டம் அவர்களுடையது. அண்ணன் மணியன்தான் அதைப் பார்த்துக்கொண்டான். அவன் மனைவி சௌந்திரம். அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். சௌந்திரம் கல்யாணமாகி வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு குழந்தைகள் பிறந்தன, இரண்டும் தங்கவில்லை. அந்தக் கார்த்திகையில் இருமல் பிடித்தது. தையில் இருமலோடு ரத்தம் வந்தது. சேலத்தில் காட்டியபோது டாக்டர் காசம் என்றார். மருந்தைவிடக் காற்றுதான் முக்கியம், வெயில் ஏறுவதற்கு முன்னால் ஏற்காட்டில் கொண்டுபோய் வையுங்கள், ஒரு வருஷமாவது இருக்கட்டும் என்றார்.

கூட யார் இருப்பது என்று பேச்சு வந்தது. ஒட்டிக்கொள்ளும் நோய். கூலிக்குக் கூப்பிட்ட இரண்டு பெண்களும் வர மாட்டோம் என்றுவிட்டார்கள். "நல்லாளை அனுப்பு. அவளுக்கு இங்க புள்ளையா குட்டியா?" என்றாள் ராமாயி.

நல்லம்மாளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பத்தொன்பதில் புருஷன் வாந்திபேதியில் போனான். மூன்றாம் நாளே தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து வெள்ளைச் சீலை. விடிவதற்கு முன்னால் பால் கறப்பாள், சாணி வழிப்பாள், பண்ணையத்து ஆட்களுக்குக் களி கிண்டுவாள். வீட்டிலிருந்து யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் அவளாகவே கட்டுத்தரைக்குப் பின்பக்கம் போய் நின்றுகொள்வாள். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் வெளியே வருவாள். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சேலத்திலிருந்து பஸ்ஸில் மலையேறினார்கள். வளைவுக்கு வளைவு நல்லம்மாளுக்குக் குமட்டியது. சௌந்திரம் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். பாதி மலைக்கு மேல் காற்று மாறியது. என்னவோ வாசனை வந்தது. மல்லிகைபோல இருந்தது, ஆனால் மல்லிகை இல்லை. அதற்கு முந்தின வாரம் மழை பெய்து காப்பிச்செடிகளெல்லாம் பூத்திருந்தன. கொம்பு தெரியாமல் வெள்ளையாக ஒட்டியிருந்த பூவை நல்லம்மாள் எட்டிப் பார்த்தாள். மணியன் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. ஒரு தோட்டக் கணக்கருடையது. காசம் என்றால் வீடு கிடைக்காது, அதனால் நெஞ்சுச் சளி என்று மணியன் சொல்லியிருந்தான். அரிசி, ராகி, நெய்ச்சட்டி எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு அன்றைக்கே கீழே போனான். போகும்போது சௌந்திரத்திடம், "மாசம் ஒருக்கா வாரேன்" என்று வாசலில் நின்றபடியே சொன்னான்.

பக்கத்து வீட்டில் பழனியம்மாள் இருந்தாள். வெள்ளைக்காரர் ஒருவரின் பங்களாவுக்கு அவள் புருஷன் காவல். அந்தப் பங்களா வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக்கிடக்கும். பழனியம்மாள்தான் விறகு கொண்டுவந்து போட்டாள். மூன்றாம் நாள், "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?" என்று கேட்டாள். நல்லம்மாள் வாய் திறப்பதற்குள் சௌந்திரம், "ஆமாங்க" என்றாள்.

குளிருக்கு வெள்ளைப் பருத்திச் சீலை தாங்கவில்லை. ராத்திரியெல்லாம் நல்லம்மாளின் பல் அடித்தது. சௌந்திரம் தன் பெட்டியைத் திறந்து அரக்குச் சீலை ஒன்றையும் கம்பளிச் சால்வை ஒன்றையும் எடுத்துப் போட்டாள்.

"இதைக் கட்டிக்க அம்மிணி."

"நானாங்க?"

"இங்க ஆரு பாக்கறாங்க? நீயும் படுத்துட்டா எனக்கு ஆரு கஞ்சி வெக்கறது?"

அன்றிலிருந்து நல்லம்மாள் கலர்ச்சீலை கட்டினாள். கழுத்தைச் சுற்றிச் சால்வை போட்டுக்கொள்வாள். நெற்றியில் பொட்டில்லாத பெண்கள் அந்த ஊரில் நிறையப் பேர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். யாரும் அவளை நின்று பார்க்கவில்லை. மணியன் வருகிற நாள் தெரிந்தால் மட்டும் காலையிலேயே வெள்ளைக்கு மாறிக்கொண்டு வெளியே போகாமல் இருந்துவிடுவாள். சௌந்திரம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பாள்.

சித்திரை வைகாசியில் ஊர் நிறைந்தது. பூட்டிக்கிடந்த பங்களாக்களில் புகை வந்தது. துரைமார், சேலத்து வக்கீல்கள், மதராஸ்காரர்கள். ஏரியில் படகு போயிற்று. சந்தையில் முட்டையும் பாலும் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. கூட்டம் வருவதற்கு முன்னால், விடிகாலையில், இரண்டு பேரும் ஏரியைச் சுற்றி நடப்பார்கள். முதலில் கால்வாசிச் சுற்று, பிறகு பாதி. ஆனி பிறந்தபோது சௌந்திரம் முழுச் சுற்று நடந்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது.

அந்த ஆனியில் பழனியம்மாளின் மகள் பெரியவளானாள். வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்று வைத்து மறைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். சௌந்திரத்தையும் நல்லம்மாளையும் கூப்பிட்டிருந்தாள். நல்லம்மாள் மறைப்புக்கு வெளியே நின்றாள். பழனியம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துச் சொம்பைக் கொடுத்தாள்.

"மூணு சொம்பு ஊத்துங்கக்கா. உங்களாட்டம் அமைதியா வரட்டும் என் புள்ள."

நல்லம்மாள் சௌந்திரத்தைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். சௌந்திரம் அந்தப் பெண்ணின் தலையைப் பார்த்தபடி, "ஊத்து அம்மிணி, தண்ணி ஆறுது" என்றாள்.

அவள் மூன்று சொம்பு ஊற்றினாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு மாதம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

ஆடியில் கூட்டம் இறங்கிவிட்டது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்தது. தீப்பெட்டி நமத்துப்போயிற்று, துவைத்த துணி நான்கு நாள் காயவில்லை. சௌந்திரத்துக்கு ஊர் நினைப்பு வந்ததும் அப்போதுதான். ஈரச் சுவரைப் பார்த்தபடி, "இன்னேரத்துக்கு அங்க கடலை பூத்திருக்கும்" என்பாள். "உங்கண்ணன் ஒரு வார்த்தை பேசிட்டுப் போனா என்ன?" என்பாள். மணியன் வருவான். துண்டை வாயருகே பிடித்துக்கொண்டு வாசற்படியில் கால்மணி நேரம் உட்காருவான். மழை, மாடு, கிணற்றுத் தண்ணீர் பற்றிச் சொல்வான். கிளம்பிவிடுவான். அவன் போன பிறகு சௌந்திரம் அன்று முழுவதும் படுத்தே கிடப்பாள்.

நல்லம்மாளுக்கு ஊர் நினைப்பு வரவில்லை. ஒருநாள் பழனியம்மாளோடு விறகுக்குப் போனவள் மலை விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். மேகம் விலகியிருந்தது. கட்டம் கட்டமாகப் பழுப்பு நிலம். திருச்செங்கோட்டு மலை சின்னதாகத் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் எங்கேயோ தன் கட்டுத்தரை இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள். அதற்கு மேல் பார்க்காமல் திரும்பிவிட்டாள்.

புரட்டாசி முதல் வாரம், மாதத்துக்கு ஒரு தடவை மேலே வரும் டாக்டரிடம் சௌந்திரத்தைக் கூட்டிப்போனாள். டாக்டர் முதுகிலும் மார்பிலும் குழல் வைத்துக் கேட்டார். சௌந்திரம் சீலையைச் சரிசெய்துகொண்டு வெளிப்பலகையில் போய் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் நல்லம்மாளிடம் சொன்னார்.

"நெஞ்சு தெளிஞ்சு போச்சும்மா. இனி பயமில்லே. தீபாவளிக்கு ஊருக்கே கூட்டிப் போகலாம். அடுத்த வெயில் காலத்துல மட்டும் ரெண்டு மாசம் வந்து இருந்துட்டுப் போங்க."

நல்லம்மாள் தலையை ஆட்டினாள். வெளியே வந்தாள். சௌந்திரம் எழுந்து நின்று, "என்னங்கறாரு?" என்றாள்.

"இன்னும் ஆறு மாசம் ஆகும்னாருங்க."

யோசித்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு திருப்பி எடுத்திருக்கலாம். தெரு முனை வரை நடந்தார்கள். அங்கே சொல்லியிருக்கலாம். சௌந்திரம், "ஆறு மாசமா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தாள். அந்த வாரக் கடைசியில் மணியன் வந்தபோதும், வெள்ளைச் சீலையில் நின்றுகொண்டு நல்லம்மாள் அதையேதான் சொன்னாள். மணியன் கீழே குனிந்து ஒரு குச்சியால் மண்ணைக் கிளறினான். பிறகு, "செரி" என்று எழுந்துபோனான்.

அதற்கப்புறம் அவன் வரவில்லை. ஐப்பசியில் அடைமழை, மண் சரிந்து பாதை எட்டு நாள் அடைபட்டுக்கிடந்தது. அதனால்தான் என்று நினைத்தார்கள். கார்த்திகையில் பண்ணையத்து ஆள் கந்தப்பன் ராகி மூட்டையோடு வந்தான், பண்ணாடிக்கு வேலை என்று மணியனைச் சொன்னான். மார்கழியில் யாரும் வரவில்லை. மலையில் காப்பிப்பழம் பறிக்கிற காலம். களங்களில் பழத்தோலின் புளிப்பு நாற்றம். காலையில் புல்லெல்லாம் வெளுத்துக்கிடக்கும். சௌந்திரம் ஏரியை ஒன்றரைச் சுற்று நடந்தாள். இருமல் என்பதே இல்லை.

தைப்பொங்கல் கழிந்து கந்தப்பன் மறுபடி வந்தான். சௌந்திரம் முறத்தில் துவரம்பருப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். பண்ணாடி எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். திரும்பக் கேட்டாள்.

"நாஞ் சொல்லக்கூடாதுன்னு பெரியாத்தா சொன்னாங்க" என்றான் கந்தப்பன். ராமாயிதான் அவனுக்குப் பெரியாத்தா. "சொல்லாமப் போறதுக்கும் மனசு வரலீங்க. கார்த்திகையில கண்ணாலம் முடிஞ்சுதுங்க ஆத்தா. வேலகவுண்டம்பட்டிப் பக்கத்துப் பொண்ணு. ஆறு மாசம் இன்னும் ஆகும்னா இது ஆகற காரியமில்லைன்னு பெரியாத்தா ஒரே புடியா நின்னுட்டாங்க."

நல்லம்மாள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சௌந்திரம் பருப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கீழே போட்டாள்.

"பேரென்ன?"

"செல்லாயிங்க."

"என்ன வயசு?"

"பதினேழு இருக்குமுங்க."

சௌந்திரம் மிச்சப் பருப்பையும் பார்த்து முடித்தாள். கந்தப்பனுக்குச் சோறு போடச் சொன்னாள்.

மூன்று நாள் நல்லம்மாள் சோற்றில் கை வைக்கவில்லை. நான்காம் நாள் காலை, சௌந்திரம் தலை வாரிக்கொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னது, தான் மாற்றிச் சொன்னது. ஏன் என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. "எனக்கு இங்கயே இருக்கோணும்னு இருந்துச்சுங்க" என்றாள். அது போதாது என்று அவளுக்கே தெரிந்தது.

சௌந்திரம் சீப்பைக் கீழே வைத்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. பாதி பின்னிய தலையோடு எழுந்து வெளியே போனாள். மதியம் வரை வரவில்லை. நல்லம்மாள் ஏரிக்கரைக்கு ஓடினாள். கரைமேல் ஒரு மரத்தடியில் சௌந்திரம் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இருபது அடி தள்ளி நல்லம்மாளும் உட்கார்ந்தாள். சௌந்திரம் திரும்பாமலே சொன்னாள்.

"ஒரு பொட்டியக் கட்டு. நாளைக்குக் கீழ போலாம். மத்ததெல்லாம் இங்கயே கெடக்கட்டும்."

தோட்டத்து வாசலில் செல்லாயி நின்றிருந்தாள். புது மஞ்சள் கயிறு. வருவது யார் என்று தெரிந்ததும் நிலைக்குப் பின்னால் ஒதுங்கினாள். ராமாயி வெளியே வந்து, "புதுப்பொண்ணு இருக்கற ஊடு. நோய் முழுசா போகோணும். அதுவரைக்கும் போரூட்டுல இரு" என்றாள். போரூடு என்றால் கட்டுத்தரையை ஒட்டிய, வைக்கோல் அடைக்கிற அறை.

"எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள் சௌந்திரம், மணியனைப் பார்த்து.

"ஆறு மாசம்னு டாக்டர் சொன்னாராமே" என்றான் அவன்.

நல்லம்மாள் வாயைத் திறந்தாள். சௌந்திரம் அவள் கையைப் பிடித்து அழுத்தி, போரூட்டுப் பக்கம் நடந்தாள். உள்ளே போனதும் சொன்னாள்: "சொன்னா மட்டும் அவளைத் திருப்பி அனுப்பிருவாங்களா? உன்னையத் தொரத்துவாங்க. பொறவு எனக்கு ஆரு இருக்கறா?"

அந்த வைக்கோல் தூசியில் பங்குனிக்கே இருமல் திரும்பிவிட்டது. மணியனுக்கு அப்போதுதான் பயம் வந்தது. மலைக்கு அனுப்பட்டுமா என்று மூன்று தடவை கேட்டான். சௌந்திரம் போகமாட்டேன் என்றாள். சித்திரை வெயிலில் படுக்கையாகி, வைகாசி பதினெட்டாம் தேதி இறந்தாள். நல்லம்மாள்தான் கூடவே இருந்தாள். வாய் துடைத்தாள், ரத்தத் துணியை எரித்தாள், முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தப் பேச்சைச் சௌந்திரம் ஒருநாளும் எடுக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கேட்பாள், புரட்டிப் படுக்கவை என்பாள். அவ்வளவுதான்.

ஆவணியில் மலை வீட்டைக் காலிசெய்து பாத்திரங்களை எடுத்துவர நல்லம்மாளைக் கந்தப்பனோடு அனுப்பினார்கள். மூடுபனியில் பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தது. வெள்ளைச் சீலையோடு இறங்கியவளைப் பழனியம்மாள் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கண்டதும், "ஐயோ, அக்காவுக்கு மாமா தவறிட்டாரா?" என்று கையைப் பிடித்தாள்.

"இல்லீங்க. அவர் போயி ஏழு வருசமாச்சு. போனது எங்க நங்கை."

பழனியம்மாளின் முகம் மாறியது. மகளுக்குத் தண்ணீர் ஊற்றிய நாளை நினைத்திருப்பாள். கையை விடவில்லை, ஆனால் பிடி தளர்ந்தது. பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஒத்தாசை செய்தாள். வாசல் வரை வந்தாள். மறுபடி வாங்க என்று சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பின மறுவாரம், மணியன் கிணற்றடியில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிக்கொண்டிருந்தான். அம்மா இல்லாத நேரம் பார்த்து நல்லம்மாள் அவனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மாடுகளை நிறுத்திவிட்டு அவன் கேட்டான். தண்ணீர் மொள்ளும் தோல்பறி கிணற்றில் முங்கிக்கிடந்தது. அவள் முடித்த பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"நீ சொன்னதால ஒண்ணும் இல்லே அம்மிணி" என்றான். "அம்மா போன வருசம் ஆவணியிலயே பொண்ணு பாத்துப் பேசி முடிச்சுட்டாங்க. நீ என்ன சொல்லியிருந்தாலும் நடந்திருக்கும். மனசுல வெச்சுக்காதே. போ, வேலையைப் பாரு."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நல்லம்மாள் அடுத்த எட்டு வருஷம் நடமாடினாள். நங்கையின் வீடு போனது தன்னால் இல்லை. தான் சொன்னது பொய்தான், ஆனால் அந்தப் பொய் யார் தலையையும் உருட்டவில்லை. ராமாயி செத்தாள். செல்லாயிக்கு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். இரண்டு பேரும் நல்லம்மாளின் இடுப்பில் வளர்ந்தார்கள். செல்லாயி அவளை வேலைக்காரியாக நடத்தவில்லை. அவளுக்கும் பேச வேறு ஆள் இல்லை.

1942இல், சண்டை நடந்த காலத்தில், மண்ணெண்ணெய் கிடைக்காத வருஷம், ஒரு பகல்பொழுதில் இரண்டு பேரும் விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ வீட்டுக் கல்யாணப் பேச்சு. செல்லாயி தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். மூத்தவள் உயிரோடு இருக்கிற வீட்டுக்குப் போகமாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாளாம்.

"எல்லாம் பத்தே நாள்ல முடிஞ்சு போச்சுங்க" என்றாள். "தீபாவளி கழிஞ்சுதான் மொதமொத எங்கூட்டுக்கு வந்தாங்க. அதுக்கு முந்தி இப்படி ஒரு தோட்டம் இருக்கறதே எங்கப்பனுக்குத் தெரியாது. வந்த அன்னிக்கு உங்கண்ணன் வெளிய வேப்பமரத்தடியிலயே உக்காந்திருந்தாரு. உள்ள வரவே இல்லே. அத்தைதான் பேசினாங்க. பெரியவளுக்கு இனி நல்லாகாதுன்னு டாக்டரே கைய விரிச்சுட்டாருன்னாங்க."

நல்லம்மாளின் கை நின்றது.

"தீபாவளி கழிஞ்சா? ஆவணியில இல்லியா?"

"ஆவணியில என்னங்க? ஆவணியில நான் எங்கம்மாவப் பெத்த அம்மிச்சி ஊட்டுல பருத்தி எடுத்துட்டு இருந்தேன்."

செல்லாயி உரித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க, மொகமெல்லாம் வேர்க்குது? தண்ணி கொண்டாரட்டுங்களா?"

"வேண்டாம் சாமி" என்றாள் நல்லம்மாள்.

மாலையில் மணியன் காட்டிலிருந்து வந்தான். தலை நரைத்திருந்தது. கால் கழுவ அவள் தண்ணீர் எடுத்துவைத்தாள். அவன் ஏன் அன்றைக்குக் கிணற்றடியில் அப்படிச் சொன்னான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளிடம் அவன் வேறு எந்தக் காலத்திலும் அவ்வளவு பேசினதில்லை. எட்டு வருஷமாக அந்தப் பொய்யை அவன் தனியாக வைத்துக்கொண்டிருந்தான். அவள் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை, அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. செல்லாயியிடமும் எதையும் சொல்லவில்லை. வேண்டாத வீட்டுக்கு வந்த அந்தப் பெண்ணும் தன் கணக்கில் சேர்ந்தவள்தான் என்ற நினைப்பு மட்டும் புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு செல்லாயிக்குச் செய்யும் எந்த வேலையையும் அவள் இன்னொருவரைச் செய்யவிடவில்லை.

ஏற்காட்டுக்கு அவள் திரும்பப் போகவில்லை. பெரிய பையனுக்குக் கக்குவான் இருமல் வந்து ஒரு மாதம் மலையில் வைத்திருக்கலாமா என்று பேசியபோது, செல்லாயியே கூட்டிப்போகட்டும் என்றாள். 1947 ஐப்பசியில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து நல்லம்மாள் செத்துப்போனாள். முப்பத்தொன்பது வயது. கடைசியாக அவளைக் குளிப்பாட்டியது செல்லாயி. மணியன் கட்டுத்தரையில் மாடுகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டிருந்தான். எடுக்கிற நேரம் வந்தபோது ஆள் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது.